மிஷன் பெட்டியில் வந்த நூல்

அப்பாவின் அடக்க ஆராதனையில் போதகர் ஒரு வாழ்க்கைக் குறிப்பு வாசித்தார். சபை அலுவலகத்தில் தயாரித்தது. சிலாஸ் ஜேசுராஜ், பிறந்தது செகந்திராபாத், பூர்வீகம் நாசரேத் பக்கம். அரசு ஏற்றுமதி அலுவலகத்தில் அதிகாரி. பாடகர் குழுவில் கனத்த குரல். பிறகு ஒரு வரி: "வளரும் நாடுகள் பலவற்றின் அதிகாரிகளுக்கு வர்த்தகச் சலுகைகளைப் பெறும் முறையைக் கற்பித்தவர்." அந்த வரியில் குரலை உயர்த்தினார்.

இரண்டாம் பெஞ்சில் ஐவி ஆன்ட்டி இருந்தார். பக்கத்தில் தாயம்மாள். இருவரும் தலை நிமிரவில்லை.

நம் சபையின் லேஸ் பின்னும் பெண்கள் மேல் பதினோரு வருடமாக ஒரு வாக்கியம் கிடக்கிறது. நூல் வெளிநாட்டிலிருந்து வந்ததை அவர்கள் மறைத்தார்கள் என்று. அரசாங்கக் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. அதைச் சொன்னவர் என் அப்பா. அது பொய். அதனால்தான் சபை இதழுக்கு இந்த இரண்டாவது குறிப்பு.

முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். நல்லவர். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

தாத்தா ரயில்வேயில் ஃபிட்டர். லாலாகூடா குவார்ட்டர்ஸில் வீடு. ஆறு பிள்ளைகள். அந்தக் காலத்தில் சபைக்கு இங்கிலாந்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு முன் பெட்டிகள் வரும். மிஷன் பெட்டி என்பார்கள். பழைய கோட்டு, கம்பளிச் சட்டை, வாழ்த்து அட்டை, பொம்மை, லேஸ் பின்னும் பருத்தி நூல் உருண்டைகள். போதகரின் மனைவி ஜெபம் பண்ணி, பிரித்து, பங்கு வைப்பார். அப்பா பள்ளிக்கூடம் போன சட்டைகள் எல்லாம் அந்தப் பெட்டியில் வந்தவை. காலர் பெரிதாக இருக்கும். "ஏதோ ஒரு வெள்ளைக்காரன் எனக்காகவே குண்டாப் பொறந்திருந்தான்" என்பார். வளர்ந்த பிறகு ஸ்டேஷன் பார்சல் ஆபீஸிலிருந்து பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆலயத்துக்குக் கொண்டுவரும் வேலை அவருக்கு. அதிகாரி ஆன பிறகும் அதை விடவில்லை. டிசம்பர் வந்தால் பேண்டை மடித்துக்கொண்டு பெட்டி தூக்கப் போவார்.

அலுவலகத்தில் அவர் வேலை இது. எழுபதுகளின் தொடக்கத்தில் பணக்கார நாடுகள் ஒரு சலுகை கொடுத்தன. ஏழை நாடுகளின் சரக்குக்குச் சுங்க வரி குறைவு, சிலவற்றுக்கு வரியே இல்லை. ஆனால் சரக்கு அந்த ஏழை நாட்டிலேயே உருவானது என்று ஓர் அதிகாரி கையெழுத்திட வேண்டும். எந்தச் சரக்கில் என்னென்ன வெளிநாட்டுப் பொருள் சேரலாம், சேரக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் விதி. விதிப்புத்தகம் தலையணை கனம். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த பெரிய ஏற்றுமதியாளர்கள் அதைப் படித்தார்கள், சலுகையை எடுத்துக்கொண்டார்கள். ஹைதராபாத்தில் சலுகை இருப்பதே பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க ஜெனீவாவிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து போய்க்கொண்டிருந்தார். உள்ளூரில் அவருக்கு வலது கை அப்பா.

அப்பாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. டிபன் டப்பாவும் விதிப்புத்தகமுமாக உப்பல் தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறுவார். ஸ்பானர் செய்கிறவர்கள், பம்பு வார்க்கிறவர்கள் என்று ஒவ்வொரு ஷெட்டாக ஏறி இறங்குவார். வரி வசூலிக்க வந்தவர் என்று நினைத்துச் சிலர் ஷட்டரை இறக்கியிருக்கிறார்கள். ஒரு ஸ்பானர்க்காரர், முதல் சரக்கு வரியில்லாமல் போய் இறங்கிய அன்று, புல்லாரெட்டி மிட்டாய்ப் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா மிட்டாயை வாங்கவில்லை. வாசலில் நின்று அவரோடு அரை மணி நேரம் அடுத்த சரக்கைப் பற்றிப் பேசினார். உள்ளே வந்து, "ஒரு ஓரமா நாலை வாங்கியிருக்கலாம், சாரா" என்று அம்மாவிடம் வருத்தப்பட்டார்.

அம்மாவும் லேஸ் பின்னுகிறவர். சபையின் லேஸ் வட்டத்தை நடத்தியவர் ஐவி ஆன்ட்டி. மிஷன் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அப்பாவைவிட மூத்தவர், அப்பாவுக்கு "ஐவிக்கா". பெண்கள் வாரத்தில் இரண்டு நாள் ஆலயக் கூடத்தில் கூடுவார்கள். ஞானஸ்நானத் தொப்பி, பீடத் துணி, மேசை விரிப்பு. சபையில் யாராவது மரித்தால் சவப்பெட்டியின் உட்புறத்துக்கு லேஸ் கரை. அது இலவசம். விற்பனைக்கு என்று பின்னியது அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு மட்டும்.

ஒரு ஜெர்மன் வியாபாரி ஏலத்தன்று தற்செயலாக வந்தார். மேசை விரிப்பைப் பார்த்தார், எத்தனை கொடுக்க முடியும் என்று கேட்டார். ஐவி ஆன்ட்டி மறுநாளே அப்பாவிடம் வந்தார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரெல்லாம் சுற்றிச் சொல்லிக்கொடுத்தது சொந்த சபைக்கே பயன்படுகிறது.

கூடத்துக்குப் போய்ப் பெண்களிடம் விசாரித்தார். விதிப்படி தயாரிப்பாளரிடம் நேரில் கேட்க வேண்டும். நான் அன்று அங்கே இல்லை. நடந்ததை அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டே.

"சிலாஸ் தம்பி, இந்த லேஸு எந்த ஊருன்னு சர்டிபிகேட் குடுப்பியளாமே? அப்படியே எம் மருமவ எந்த ஊருன்னும் பாத்து ஒண்ணு எழுதிக் குடும். திருச்சின்னு சொல்லிக் கட்டி வச்சாவ. வாயத் தொறந்தா தெலுங்குதான் வருது" என்றார் தாயம்மாள்.

"மருமவளுக்கு நம்ம ஆபீஸ்ல விதி கிடையாதுக்கா. வந்த சரக்கு திரும்பப் போவாது" என்றார் அப்பா. கூடம் சிரித்தது.

பிறகு கேள்வியைக் கேட்டார். "இதுல இம்போர்ட் பண்ணின பொருள் ஏதாவது சேருதா?"

"இம்போர்ட்டா? லைசென்ஸுக்கு நாங்க எங்க தம்பி போவோம்? டில்லிக்கா?" என்றார் ஐவி ஆன்ட்டி. மறுபடி சிரிப்பு. "சேரவில்லை" என்று அப்பா எழுதினார். மேசை தூரத்தில் இருந்ததால், பக்கத்தில் கிடந்த மரப்பெட்டி மேல் தாளை வைத்து எழுதினார்.

அது மிஷன் பெட்டி. மூடியில் இங்கிலாந்து முத்திரை. உள்ளே நூல் உருண்டைகள். அந்த டிசம்பரில் அதை ரிக்‌ஷாவில் ஏற்றி வந்தவர் அப்பா.

யாரும் பொய் சொல்லவில்லை. இதை எங்கள் சபைக்கு வெளியே இருப்பவருக்கு விளக்குவது கஷ்டம். இம்போர்ட் என்றால் லைசென்ஸ், துறைமுகம், மார்வாடி, கருப்புக் கண்ணாடி, ரேடியோ, வாட்ச். மிஷன் பெட்டி அதில் சேராது. அது ஜெபத்தோடு வருவது. தாயம்மாளின் தாய்க்கும் அந்த நூல்தான், அவர் தாய்க்கும் அந்த நூல்தான். காசு கொடுத்து வாங்காத ஒன்றை அந்நியப் பொருள் என்று அவர்களில் யாரும் நினைத்ததில்லை. அப்பாவும் நினைக்கவில்லை. லேஸுக்கு விதி கண்டிப்பானது. நூலும் இங்கே நூற்றதாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம்.

சரக்கு போனது. வரியில்லாமல் இறங்கியது. மறு ஆர்டர் வந்தது, அதைவிடப் பெரியது. பின்னும் பெண்கள் பெருகினார்கள். பெட்டி நூல் போதாமல் போதகரின் மனைவி இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்டார். அவர்களும் உற்சாகமாக நூலாகவே அனுப்பினார்கள். தாயம்மாளின் புருஷனுக்கு ரயில்வே யார்டில் கால் போன பிறகு அந்த வீடு லேஸில்தான் ஓடியது. அம்மா முதல் தடவையாகத் தன் கைக்காசில் அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்தார். அவர் அளவுக்குச் சரியான காலர். அதைப் போட்டுக்கொண்டு அப்பா ஆலோசகரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தார். "உலக வர்த்தகம் என் வீட்டு அலமாரி வரை வந்துவிட்டது" என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அலமாரியில் லேஸ் நூல் இருந்தது. அதையும் திறந்து காட்டினார்.

அந்த வியாபாரி அடுத்த வருடம் விலைப்பட்டியல் ஒன்று அச்சடித்தார். உங்கள் லேஸைப் பற்றி நாலு வரி வேண்டும் என்று ஐவி ஆன்ட்டிக்கு எழுதியிருந்தார். ஆன்ட்டி பெருமையாக எழுதி அனுப்பினார். தேர்ந்த இங்கிலாந்து நூலில் கையால் பின்னப்பட்டது என்று. அது அப்படியே அச்சானது. அந்த ஊர் சுங்க அதிகாரி ஒருவர் அதைப் படித்தார்.

விசாரணை இங்கே வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. அப்போதுதான் வேறு நாடுகளின் அதிகாரிகளுக்கு ஹைதராபாத்தில் பயிற்சி தொடங்கப் பேச்சு நடந்தது. எத்தியோப்பியாவிலிருந்தும் கயானாவிலிருந்தும் வருவார்கள். கற்பிப்பவராக அப்பாவின் பெயரை ஆலோசகர் எழுதி அனுப்பியிருந்தார். அதற்கு நடுவில் அப்பாவின் கையெழுத்திலேயே தவறான சான்றிதழ்.

ஆலோசகரே கூடத்துக்கு வந்து பெண்களைக் கேட்பதாக ஏற்பாடு. கையோடு சபையாருக்கும் விதிகளைப் படமாகக் காட்டலாம் என்று ஸ்லைடு புரொஜெக்டர் கொண்டுவந்தார். அதை இயக்க என்னை அழைத்தார் அப்பா. நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். அதனால் எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன்.

ஆரம்பிப்பதற்கு முன் அப்பா ஐவி ஆன்ட்டியைத் தனியே அழைத்தார். "அக்கா, நீங்க தமிழ்லயே பேசுங்க. நான் அவருக்குச் சொல்லிக்கிடுதேன். எல்லாம் நல்லபடியா முடியும்."

"சரி தம்பி" என்றார் ஆன்ட்டி.

ஆலோசகரிடம், இந்தப் பெண்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்றார் அப்பா. முப்பது வருடம் ஆங்கிலம் எடுத்த ஆசிரியை முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நூல் எங்கிருந்து வந்தது என்று ஆலோசகர் கேட்டார். அப்பா தமிழில் கேட்டார். "மிஷன் பெட்டியில" என்றார் ஆன்ட்டி. அப்பா மொழிபெயர்த்தார், சரியாகத்தான்.

"உங்களுக்கு இது தெரியுமா, சிலாஸ்?"

இந்தக் கேள்வி அவருக்கு. மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அப்பா வலது காது மடலைத் தடவினார்.

"தெரியாது. நான் கேட்டேன். அவர்கள் என்னிடம் மறைத்தார்கள்."

"வியாபாரிக்கு எழுதியிருக்கிறார்களே. அவரிடம் சொன்னதை உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?"

"அது என் கண்ணில் படும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். படிக்காத பெண்கள். ஆர்டர் போய்விடும் என்ற பயம்."

நான் ஐவி ஆன்ட்டியைப் பார்த்தேன். அவர் கையில் ஊசி இருந்தது. பின்னல் அப்படியே நின்றது. பிறகு ஒரு கண்ணி போட்டார். அடுத்த கண்ணி போட்டார்.

அம்மா மூன்றாம் வரிசையில் இருந்தார். முன்னால் குனிந்து, "என்னக்கா சொல்லுதாரு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் சொல்லுதாரு, சாரா. நமக்காகப் பேசுதாரு."

ஆலோசகர் குறித்துக்கொண்டார். அப்பா திரும்பிப் பெண்களிடம் தமிழில், "ஒண்ணும் பயப்பட வேண்டாம். விதி அப்படி. யாரு மேலயும் தப்பு இல்ல" என்றார். "நல்லா இருப்பிய தம்பி" என்றார் தாயம்மாள்.

சான்றிதழ்கள் ரத்தாயின. வியாபாரி விட்ட வரியைக் கட்டினார், எங்கள் சபையை விட்டார். லேஸ் வட்டத்தின் பெயருக்கு எதிரே கோப்பில் குறிப்பு ஏறியது. உண்மையை மறைத்தவர்கள். இனி அவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. அப்பா மேல் தவறில்லை என்று முடிவானது. பயிற்சி தொடங்கியது. கற்பித்தவர் அப்பா.

தன்னைக் காப்பாற்றிக்கொள்வது எல்லாரும் செய்வதுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். தப்பு நடந்தால் யார் தலையில் போடுவது என்று தேடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் அவர்கள் யார் தலையில் போடுகிறார்களோ அந்த ஆள், தனக்காகப் பேசுவதாக நினைத்து அவர்களை வாழ்த்துவதில்லை.

தாயம்மாள் மோண்டா மார்க்கெட்டில் காய்கறிக் கூடை போட்டார். அதற்கு முன் எங்கள் வீட்டுக் காய் மோண்டாவில்தான். அதன் பிறகு அப்பா ஸ்கூட்டரில் போவன்பள்ளி போக ஆரம்பித்தார். அங்கே மொத்த வியாபாரம். கால் கிலோ, அரைக் கிலோ கிடையாது.

"மூணு பேருக்கு எதுக்கு ஒரு மூட்டை வெங்காயம்?" என்று அம்மா கேட்பார்.

"அங்க விலை சல்லிசு."

"அழுவுனதுக்கும் சேத்தா சல்லிசு? பாதியை அந்தப் பக்கத்து வீட்டு திரிபுரசுந்தரிக்கே குடுத்துட்டு இருக்கேன். அவ 'நக்கோ அக்கா, நக்கோ'ன்னு கதவச் சாத்துதா."

அப்பா சிரிக்க மாட்டார். அடுத்த வாரமும் மூட்டை வரும்.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஓர் எத்தியோப்பிய அதிகாரி எங்கள் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிட வந்தார். உயரமானவர், சத்தமாகச் சிரிப்பவர். அம்மாவின் மீன் குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடித்து என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

"உங்கள் அப்பாவின் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த முட்டாள் அதிகாரியின் கதை. ஏதோ ஒரு நாட்டில், ஒருவன் நூல் பெட்டியின் மேலேயே தாளை வைத்துக்கொண்டு, இறக்குமதி உண்டா என்று கேட்டானாம். பெட்டியைத் திற, எங்கிருந்து வந்தது என்று கேள் என்று உங்கள் அப்பா சொல்லுவார். மக்கள் தங்கள் வார்த்தையில்தான் பதில் சொல்லுவார்கள், உன் விதிப்புத்தகத்தின் வார்த்தையில் அல்ல, தவறு கேட்டவனுடையது என்பார். எங்கள் ஊரில் காப்பி மூட்டையிலும் இதேதான். நான் திரும்பிப் போனதும் கேள்வியை மாற்றப் போகிறேன்."

அம்மா குழம்புச் சட்டியோடு நின்றிருந்தார். "என்ன சொல்லுதாரு? இவ்ளோ சிரிக்காரு?"

அப்பா காது மடலைத் தடவினார். "மீன் நல்லாருக்காம்."

அன்றுதான் எனக்கு முழுதும் புரிந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. யார் தவறு என்று தெரிந்து, அதைத் திருத்தி, வகுப்பு வகுப்பாகக் கற்பித்திருக்கிறார். எத்தியோப்பியாவின் காப்பி விவசாயிக்கு அது உதவியிருக்கும். நல்ல பாடம். அதை அவர் சொல்லாத ஒரே இடம், மோண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆலயக் கூடம்.

ஐவி ஆன்ட்டி ஒரே ஒரு தடவை கேட்டு வந்தார். எண்பத்தொன்றோ எண்பத்திரண்டோ. டென்மார்க்கிலிருந்து ஒருவர் லேஸ் கேட்டிருந்தார். மதுரை நூலில் பின்னவும் பெண்கள் தயார். சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில் கோப்பைப் பார்த்துவிட்டு, மறைத்தவர்களுக்குக் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா வேறு பிரிவு. ஆனால் அவர் ஒரு வரி எழுதினால் குறிப்பு நீங்கும்.

அம்மா காப்பி போட உள்ளே போயிருந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அன்னைக்கு நீ சொன்னது எனக்கு விளங்காமலா இருந்தேன்? உனக்கு நான் ஏ, பி, சி சொல்லித் தரல. உன் தம்பிமாருக்குத் தந்திருக்கேன்."

அப்பா நாற்காலியை நகர்த்தும் சத்தம்.

"வேலைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சுது. பொம்பளப் பிள்ளைய படிக்க வைக்குத. அதான் வாய மூடிட்டு இருந்தேன். யார்ட்டயும் சொல்லல. சாராட்டயும் சொல்லல. இப்ப உனக்கு ஒண்ணும் ஆவாது. அவளுவ மறைக்கல, நான் சரியா கேக்கலன்னு ஒரு வரி. அவ்ளோதான்."

"எழுதுதேன்க்கா."

"எப்பம்?"

"இந்த வாரத்துல."

"ஜெபம் பண்ணிட்டு எழுது. இல்ல, எழுதிட்டு ஜெபம் பண்ணு. மொதல்ல ஜெபம் பண்ணுனா நீ எழுத மாட்ட."

அந்த வாரம் அவர் பதவி உயர்வுக்கான பட்டியல் மேலே போயிருந்தது. அடுத்த வாரம் கயானாக்காரர்கள் வந்தார்கள். பிறகு அலுவலகம் மாறியது. டென்மார்க் ஆள் வேறு ஊரில் வாங்கிக்கொண்டார். அப்பா தமிழ் ஆராதனையை விட்டுவிட்டுக் காலை ஆங்கில ஆராதனைக்குப் போக ஆரம்பித்தார். பாடகர் குழுவில் கனத்த குரல் குறைந்தது. தொண்டை சரியில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னார். டிசம்பரில் பெட்டி தூக்க மட்டும் போனார். பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு வருடம் வரவேயில்லை. அந்த டிசம்பரிலும் அவர் பார்சல் ஆபீஸ் போய் விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

ஓய்வு பெற்ற மறு வருடம் மாரடைப்பு. போவன்பள்ளி மார்க்கெட்டில், காலையில். தெரியாதவர்கள் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு மூட்டை தக்காளியையும் நேர்மையாக அதே ஆட்டோவில் அனுப்பியிருந்தார்கள்.

சவப்பெட்டி வந்ததும் ஐவி ஆன்ட்டி லேஸ் கரையோடு வந்தார். தாயம்மாளும் வந்தார். எந்த மரணத்துக்கும் வருவது போலத்தான். உட்புற ஓரத்தில் குண்டூசி குத்திக் கரையைப் பதித்தார்கள். கால்மாட்டில் ஒரு சாண் போதவில்லை.

அம்மா எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். அந்தக் கூடத்து நாளுக்குப் பிறகு அம்மா ஊசி தொட்டதில்லை. கண் சரியில்லை என்பார். இப்போது ஓர் உருண்டையும் ஊசியும் எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, அந்த ஒரு சாணைப் பின்னி முடித்தார். கண்ணாடி போடவில்லை.

நூலைத் தொட்டுப் பார்த்தேன். வழவழப்பு. "இது எந்த நூல் ஆன்ட்டி?"

"அதே பெட்டி நூலுதான். மிச்சம் கெடந்துது. எக்ஸ்போர்ட்டுக்கு ஆவாதுன்னுட்டாவ. இதுக்கு ஆவும்" என்றார். குண்டூசியை வாயிலிருந்து எடுத்து அப்பாவின் தலைமாட்டில் குத்தினார். கரையை நீவிவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பாவின் மகள் என்று அந்தப் பெட்டி பக்கத்தில் நிற்கக் கூசியது. அழுதேன். எதற்காக என்று பிரிக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு ஐவி ஆன்ட்டியின் வீட்டுக்குப் போனேன். இதை சபை இதழில் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப எதுக்குட்டி? ஆர்டர் குடுக்க எவன் வரப் போறான்?"

"கோப்பில் அப்படியே இருக்கு ஆன்ட்டி."

"கோப்புல கெடந்துட்டுப் போட்டும். தாயம்மா இன்னும் அவன் எங்களுக்காகப் பேசுனான்னு நெனச்சிட்டு இருக்கா." கையிலிருந்த நூலைச் சுற்றி வைத்தார். "அதான் எனக்கும் பொறுக்கல. எழுது. ஆனா உங்கம்மாட்ட கேட்டுக்கோ. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது."

அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கூடத்தில் அன்று அப்பா ஆங்கிலத்தில் சொன்னது என்று தொடங்கினேன்.

"தெரியும்" என்றார் அம்மா.

"ஐவி ஆன்ட்டி சொன்னாங்களா?"

"அவ ஏன் சொல்லுதா? பாவம், என்னைக் காப்பாத்துதாளாம்."

"உனக்குத்தான் இங்கிலீஷ் விளங்காதே?"

"இங்கிலீஷ் எதுக்குட்டி? அவரு காதத் தடவுனாரு." அம்மா தக்காளியை நறுக்கிக்கொண்டிருந்தார். மூட்டை இன்னும் தீரவில்லை. "நூலு நம்ம வீட்டு அலமாரியில இருந்துது. பெட்டிய தூக்குனவரு அவரு. எங்கள என்ன சொல்லியிருப்பாருன்னு தெரியாதா? அதுக்கு மேல அந்த ஊசியத் தொட எனக்குக் கை வரல."

"ஏன் நீ கேக்கல?"

"அவரா சொல்லுவாருன்னு இருந்தேன். வெங்காயம் மூட்டை மூட்டையா வந்துது. வார்த்தை வரல." கத்தியைக் கீழே வைத்தார். "எழுது. தாயம்மாளுக்கு வாசிச்சுக் காட்டுத மாதிரி எழுது. அவ பேரப் போடு, என் பேரப் போடு. பெட்டிய தூக்கிட்டு வந்தது யாருன்னும் போடு."

மோண்டாவுக்குப் போய்த் தாயம்மாளிடம் நானே வாசித்துக் காட்டினேன். கூடைக்குப் பக்கத்தில் கவிழ்த்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்து. அவர் கடைசி வரை கேட்டார். ஓர் ஆளுக்குக் கத்திரிக்காய் நிறுத்துக் கொடுத்தார். பிறகு, "நல்லா இருப்பியன்னு சொன்னேனே" என்றார். எனக்குக் காய் தரவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

கோப்பைத் திருத்தச் சொல்லி அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வரும்போது வரட்டும். சபையாருக்கு இது போதும்: ஐவி, தாயம்மாள், சாரா, அவர்களோடு பின்னிய பெண்கள் யாரும் எதையும் மறைக்கவில்லை. பெட்டி அவர்கள் நடுவில், மூடி தெரிய, கிடந்தது. அதைத் தூக்கி வந்தவர் என் அப்பா சிலாஸ் ஜேசுராஜ். அதன் மேல் தாளை வைத்து எழுதியவரும் அவர்தான்.